புளியமரத்தின் பெயரில் ஓர் இரவு விடுதி: மெஹ்ரௌலி 'டேமரிண்ட் கோர்ட்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் தில்லிக்கு வந்தாலும் குதுப் மினாரைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும். இரும்புத் தூணைப் பார்த்து, படம் எடுத்து முடித்து, வெளியே வந்து மிளகாய்த்தூள் தூவிய கொய்யாவை வாங்கும் நேரத்தில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அந்த ஜெசிகா கொலை நடந்த ஓட்டல் இங்கேதானே?" 1999-ல் மெஹ்ரௌலியில் மது தர மறுத்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட விளம்பர அழகி ஜெசிகா லாலைத்தான் கேட்கிறார். அப்புறம் கேள்விகள் வரிசைகட்டும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

அது ஓட்டலா, மதுக்கூடமா, நடன விடுதியா?

மூன்றும்தான். மூன்றில் எதுவும் முழுமையாக இல்லை.

குதுப் கொலனேடு என்பது கட்டடத்தின் பெயர். மினாரை அண்ணாந்து பார்க்கிற தூரத்தில் இருந்த பழைய பெரிய மாளிகை ஒன்றைப் புதுப்பித்து, கடைகளும் உணவகமும் வைத்திருந்தார்கள். நடத்தியவர் ஆடை வடிவமைப்பாளர் பீனா ரமானி. 1980களின் பிற்பகுதியில் ஹௌஸ் காஸ் கிராமத்துச் சந்துகளுக்குள் விலையுயர்ந்த ஆடைக்கடையைக் கொண்டுபோய், அந்தக் கிராமத்தின் தலையெழுத்தையே மாற்றியவர் என்று பெயர் வாங்கியவர். அடுத்து அவர் கைவைத்த இடம் மெஹ்ரௌலி.

உணவகத்துக்கு இரண்டு பெயர்கள். 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்பது ஒன்று. அதாவது 'முன்னொரு காலத்தில்'. மற்றது 'டேமரிண்ட்' என்று தொடங்கும் பெயர். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இரண்டு பெயர்களும் வருகின்றன. நாளிதழ்களில் 'டேமரிண்ட் கோர்ட்' என்பதே நிலைத்துவிட்டது. வியாழக்கிழமை இரவுகளில் அந்த உணவகம் விருந்துக் கூடமாகிவிடும். நகரத்தின் பணக்காரர்களும், விளம்பர அழகிகளும், அவர்களைப் பார்க்க வந்தவர்களும் அங்கே கூடுவார்கள். 'வியாழக்கிழமை விருந்து' என்றே அதற்குப் பெயர். அந்தப் பெயரும் தீர்ப்பில் ஏறியிருக்கிறது.

அது என்ன, புளி என்று ஒரு பெயர்?

'டேமரிண்ட்' அரபியிலிருந்து போன சொல். தமர் ஹிந்த், அதாவது இந்தியப் பேரீச்சை. 'கோர்ட்' இங்கே முற்றம். நம் வாயில் சொன்னால் புளியமுற்றம்; கேட்க அழகாகத்தான் இருக்கிறது. என் அத்தைக்கு அப்படித் தோன்றவில்லை. பெயருக்கு விளக்கம் சொன்னதும், "புளியமரத்தின் பெயரை வைத்துக்கொண்டு நடுநிசியில் கூத்தடித்தால் வேறென்ன நடக்கும்?" என்றார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். புளியமரத்தடியில் பகலில்கூடப் படுக்கவிடாத ஊரில் வளர்ந்தவர். அவர் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

'கோர்ட்' என்றால் நீதிமன்றம் என்றும் பொருள் உண்டு. முற்றம் அந்த இரவோடு வெறிச்சோடியது. நீதிமன்றம் மட்டும் பதினோரு ஆண்டுகள் நடந்தது.

நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?

இல்லை. 1999-ல் எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆர்.கே. புரத்தில் அத்தை வீட்டில், அரசுக் குடியிருப்பின் பின்பக்கப் பால்கனியில் படுக்கை. மெஹ்ரௌலி பஸ் அந்த வழியாகத்தான் போகும். ஆனால் பஸ்ஸில் வருகிறவர்களுக்கான இடம் அது இல்லை.

அந்த ஏப்ரலில் தில்லித் தமிழர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. மார்ச் 29-ஆம் தேதி அசோகா ஓட்டலில் சுப்பிரமணியன் சுவாமி ஒரு தேநீர் விருந்து கொடுத்தார். சோனியா காந்தியும் ஜெயலலிதாவும் அதில் சந்தித்துக்கொண்டார்கள். ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது: ஆதரவாக 269, எதிராக 270. 26-ஆம் தேதி மக்களவை கலைந்தது. மலைமந்திர் பிராகாரத்தில் நின்றாலும், தமிழ்ச் சங்க வாசலில் நின்றாலும், அந்த ஒரு வாக்கு யாருடையது என்ற சண்டைதான். அதற்கு நான்கே நாள் கழித்துத்தான் இந்தச் செய்தி வந்தது. முதல் பக்கத்தில் அம்மாவைத் தேடியவர்கள் அதே பக்கத்தில் ஜெசிகாவைப் பார்த்தார்கள். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இரண்டு கோப்பை மதுவுக்காகவா?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அன்று இரவு என்னதான் நடந்தது?

1999 ஏப்ரல் 29, வியாழன் இரவு. விருந்தில் மது பரிமாறியவர்கள் தொழில்முறைப் பணியாளர்கள் அல்லர். விளம்பர அழகியான ஜெசிகா லாலும், ஷயான் முன்ஷி என்ற விளம்பர நடிகரும் அன்று அந்த வேலையைச் செய்தார்கள். நள்ளிரவு தாண்டியதும் மது தீர்ந்து விற்பனையும் முடிந்துவிட்டது. பின்னிரவு ஏறக்குறைய 2 மணிக்கு மனு சர்மா தன் நண்பர்களோடு வந்து இரண்டு கோப்பை கேட்டார். சித்தார்த்த வசிஷ்ட் என்பது அவருடைய இயற்பெயர். அரியானாவில் செல்வாக்கு மிக்க அரசியல்வாதி வினோத் சர்மாவின் மகன். விருந்து முடிந்துவிட்டது, மது இல்லை என்று பணியாளர் சொன்னார். ஜெசிகா சொன்னார். பீனாவின் மகள் மாலினியும் சொன்னார். ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியும் ஜெசிகா மறுத்தார்.

சர்மா கைத்துப்பாக்கியை எடுத்தார். முதல் குண்டு கூரையில் பாய்ந்தது. இரண்டாவது குண்டு ஜெசிகாவின் இடது கண்ணுக்கு அருகில் பாய்ந்தது. அஷ்லோக் மருத்துவமனைக்கும் அங்கிருந்து அப்பல்லோவுக்கும் கொண்டுபோனார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு வயது 34.

ஒரு காட்சியை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். சுட்டவர் வெளியேறும்போது பீனா ரமானி வழிமறித்தார். ஏன் சுட்டாய் என்று கேட்டார். துப்பாக்கியைக் கொடு என்றார். அவர் கொடுக்காமல் ஓடிவிட்டார். கையில் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் அதைக் கேட்டு நிற்பது சாதாரணக் காரியம் அல்ல. ரமானியைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு, கீழே வரும். ஆனால் இதைச் சொல்லாமல் அவற்றைச் சொன்னால் அது நியாயம் ஆகாது.

கறுப்பு வண்டிக் கதை உண்மையா?

உண்மை. கொலையை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வரும். இந்தப் பகுதியை நினைத்தால் சிரிப்பும் சேர்ந்து வரும், அதுதான் கொடுமை. சர்மா ஓடும்போது அவருடைய கறுப்பு டாடா சஃபாரி அங்கேயே நின்றுவிட்டது. காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்தவர் ஓர் ஊர்க்காவல் படைக்காரர். ஆயுதம் என்று அவரிடம் இருந்தது லத்தி மட்டும். வண்டியை எடுத்துப் போக ஆட்கள் வந்தார்கள். அவர் தடுத்துப் பார்த்தார், லத்தியால் ஓங்கி அடித்தார், கண்ணாடி உடைந்தது, வண்டி போயே போய்விட்டது. சில நாட்களில் நொய்டாவில் கண்ணாடி உடைந்த நிலையிலேயே கிடைத்தது. அந்த ஒரு லத்தி அடி பின்னால் வழக்கில் சாட்சியமாயிற்று. துப்பாக்கி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

தில்லியில் இரவில் போக அப்போது வேறு இடமே இல்லையா?

இருந்தது, ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்குள். மௌரியா ஓட்டலின் 'குங்ரூ' மாதிரி பேர்போன நடனக்கூடங்கள் எல்லாம் ஓட்டல் வளாகத்துக்குள்தான். கன்னாட் பிளேஸ் உணவகங்களில் ஒரு காலத்தில் இசைக்குழுவும் ஆட்டமும் இருந்ததாகப் பழைய தில்லிக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். 1999-ல் ஓட்டல் சுவருக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ், எதிரே எண்ணூறு ஆண்டுப் பழமையான கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு குடித்து ஆடுவது புதுமை. அந்தப் புதுமைக்குத்தான் கூட்டம்.

உரிமம் இல்லாமல் எப்படி மது விற்றார்கள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன். பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. கொலைகாரன் யார், அப்பா யார், எத்தனை ஆண்டு தண்டனை என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த இடத்துக்கு மது உரிமம் கிடையாது. ஆனாலும் வாரந்தோறும் நடந்தது. வந்தவர்களில் நகரத்தின் பெரிய மனிதர்கள் பலர். இப்படிப்பட்டவர்கள் குடிக்க வரும் இடத்துக்கு எந்த ஆய்வாளர் போய்க் கதவைத் தட்டுவார்? உரிமம் என்பதை நாம் கட்டணம் கட்டி வாங்கும் காகிதமாகவே நினைக்கிறோம். எங்கள் தெரு முனையில் உரிமத்தோடு இருந்த மதுக்கூடத்தில், மணி அடித்தால் விளக்கை அணைத்துவிடுவார்கள். எதிர்த்து நின்று வம்பு செய்தால் கடைக்காரர் தயங்காமல் போலீசைக் கூப்பிடுவார். அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை. உரிமம் இல்லாத இடத்தில் எல்லோரிடமும் மறைக்க ஏதோ ஒன்று இருக்கிறது. நடத்தியவருக்கு இருந்தது, பரிமாறியவருக்கு இருந்தது, குடித்தவருக்கும் இருந்தது. அன்று இரவு அங்கே இருந்தேன் என்று ஒப்புக்கொள்வதே ஒரு சங்கடம். பின்னால் நீதிமன்றத்தில் சாட்சிகள் கரைந்துபோனதற்குப் பணமும் பயமும் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரைதல் அன்று இரவே, அந்த முற்றத்திலேயே தொடங்கிவிட்டது என்பது என் கட்சி. விருந்தினர்களில் எத்தனை பேர் போலீஸ் வருவதற்குள் கார் சாவியைத் தேடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ரமானிக்கு என்ன ஆயிற்று?

அந்த மே மாதத்திலேயே அவரும் கணவரும் மகளும் சட்டவிரோத மது விற்பனைக்காகக் கைதானார்கள். பிறகு ஜாமீனில் வந்தார்கள். கொலை வழக்கில் அதே பீனா ரமானிதான் முக்கியச் சாட்சி. மற்றவர்கள் பின்வாங்கியபோது அவர் பின்வாங்கவில்லை. மேல் நீதிமன்றங்கள் தண்டனை கொடுக்க முடிந்ததற்கு அவருடைய சாட்சியம் ஒரு பெரிய தூண். அனுமதியில்லாத மதுக்கடை நடத்தியவரும் அவரே, அசையாமல் நின்ற சாட்சியும் அவரே. பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அவள் நல்லவளா, கெட்டவளா?" என்று விடாமல் கேட்டார். நான் அவருக்கு இன்னொரு கொய்யா வாங்கிக் கொடுத்தேன்.

2006-ல் எப்படி விடுதலையானார்கள்?

2006 பிப்ரவரி 21-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் விடுவித்தது. ஷயான் முன்ஷியின் வாக்குமூலத்தை வைத்துத்தான் முதல் தகவல் அறிக்கையே பதிவானது. நீதிமன்றத்தில் அவர், அது இந்தியில் எழுதப்பட்டது, எனக்கு இந்தி தெரியாது, கையெழுத்து மட்டும் போட்டேன் என்றார். சுட்டவர்கள் இரண்டு பேர் என்றும் பேசினார். கிடைத்த இரண்டு .22 தோட்டா உறைகளும் இரண்டு துப்பாக்கிகளிலிருந்து வந்தவை என்று தடயவியல் கருத்தும் கூடச் சேர்ந்தது. துப்பாக்கியோ கையில் இல்லை. வழக்கு விழுந்தது.

இந்தி தெரியாது என்ற வாதத்தைக் கேட்டு எங்கள் அலுவலகத்துத் தமிழர்கள் எல்லோரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தில்லியில் இந்தி தெரியாமல் காகிதங்களில் கையெழுத்துப் போட்ட அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. வீட்டு வாடகை ஒப்பந்தத்தையே அப்படித்தான் போட்டேன். ஆனால் கண்முன்னால் ஒரு பெண் விழுந்ததைச் சொல்ல எந்த மொழியும் போதும். பின்னால் 2013-ல் தில்லி உயர் நீதிமன்றம் முன்ஷி மீதும் தடயவியல் வல்லுநர் ஒருவர் மீதும் பொய்ச்சாட்சிக்காக நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது.

பிறகு எப்படித் தண்டனை கிடைத்தது?

மறுநாள் ஓர் ஆங்கில நாளிதழ், 'ஜெசிகாவை யாரும் கொல்லவில்லை' என்று பொருள்பட முதல் பக்கத் தலைப்புப் போட்டது. கோபம் பற்றிக்கொண்டது. தொலைக்காட்சிகள் கைப்பேசிக் குறுஞ்செய்திகளைத் திரட்டின. இந்தியா கேட்டில் மெழுகுவத்தி ஏந்திக் கூடினார்கள். நானும் அலுவலகத்தோழர் இருவரோடு போனேன். மெழுகு கையில் சொட்டாமலிருக்கக் காகிதக் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு வத்தியைச் செருகியிருந்தார்கள். காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் அலுக்காமல் திரும்பத் திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தாள். முழக்கம் எதுவும் பெரிதாக இல்லை. நியாயமாகச் சொன்னால், ஓர் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கூட்டம் வந்திருக்குமா என்ற சந்தேகம் அன்றும் எனக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனாலும் போனேன்.

மேல்முறையீட்டில் தில்லி உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 18-ல் மனு சர்மாவைக் குற்றவாளி என்றது. இரண்டு நாள் கழித்து ஆயுள் தண்டனை. அவருடைய நண்பர்கள் விகாஸ் யாதவுக்கும் அமர்தீப் சிங் கில்லுக்கும் தடயத்தை மறைத்ததற்காக நான்காண்டு. இந்த விகாஸ் யாதவ்தான் 2002-ல் நடந்த நிதீஷ் கட்டாரா என்ற இளைஞரின் கொலையிலும் பின்னர் தண்டனை பெற்றவர்.

தீர்ப்பெழுதியவர் தமிழர் என்கிறார்களே?

ஆமாம். 2010 ஏப்ரல் 19-ல் ஆயுள் தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்ற அமர்வில் இருந்தவர்கள் பி. சதாசிவமும் ஸ்வதந்தர் குமாரும். சதாசிவம் ஈரோடு மாவட்டம் பவானி பக்கத்துக் காடப்பநல்லூரில் பிறந்தவர். 2013-ல் இந்தியத் தலைமை நீதிபதியானார், பிறகு கேரள ஆளுநராகவும் இருந்தார். கொங்கு நாட்டு உறவினர்கள் வந்தால் இந்தக் கட்டத்தில் அவர்களுடைய நடை கொஞ்சம் நிமிரும்.

அந்தத் தீர்ப்பு, செய்தி ஊடகங்கள் தாமே விசாரணை நடத்துவதையும் கண்டித்தது. எங்கள் மெழுகுவத்திக்கும் அதில் ஒரு குட்டு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மனு சர்மா இன்னும் சிறையில்தான் இருக்கிறாரா?

இல்லை. 2020 ஜூன் மாதம் தண்டனை மறுஆய்வு வாரியத்தின் பரிந்துரையில் விடுதலையானார். அதற்கு முன் ஒரு கூத்து: 2009-ல் தாயாரின் உடல்நிலை முதலிய காரணங்களைச் சொல்லிப் பரோலில் வந்தவர், தில்லியில் ஓர் இரவு விடுதியில் காணப்பட்டார். செய்தி வெடித்ததும் சிறைக்குத் திரும்பினார். இரவு விடுதியில் தொடங்கிய வழக்கு, ஆள் சிறையில் இருக்கும்போதும் இரவு விடுதியை விடவில்லை.

ஜெசிகாவின் குடும்பம்?

வழக்கைத் தோளில் தூக்கிச் சுமந்தவர் தங்கை சப்ரினா லால். வழக்கு நடக்கும்போதே தாயும் தந்தையும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். குற்றவாளியின் விடுதலைக்குத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று 2018-ல் சிறை நிர்வாகத்துக்கு எழுதியவரும் சப்ரினாதான். 2021 ஆகஸ்டில் அவரும் மறைந்தார்.

சினிமாவில் காட்டியது அப்படியே உண்மையா?

2011-ல் வந்த இந்திப் படத்தைக் கேட்கிறீர்கள். உண்மைச் சம்பவத்தைத் தழுவியது, அவ்வளவுதான். படத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திருத்தாதீர்கள்.

இதனால் சட்டம் ஏதாவது மாறியதா?

சாட்சிகள் பிறழ்வதைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வழக்கைச் சொல்லாமல் யாரும் பேசுவதில்லை. 2009 கடைசி நாளிலிருந்து, விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை வந்தது. 2018 டிசம்பரில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. இரண்டுக்கும் இந்த ஒரு வழக்குதான் காரணம் என்று சொன்னால் மிகை. உரிமம் இல்லாமல் மது விற்கும் இடங்கள் ஒழிந்துவிட்டனவா என்று கேட்டால், சிரித்துவிட்டு நகர்வேன்.

இப்போது போய்ப் பார்க்கலாமா?

பார்க்க என்ன இருக்கிறது? பெயர்ப்பலகையோ நினைவுக்கல்லோ தேடி அலையாதீர்கள். மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தில் குதுப் மினார் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். கடைசியாக அழைத்துப் போனபோது பெரியப்பா ஆட்டோக்காரப் பையனிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் 'டேமரிண்ட் கோர்ட்' என்று கேட்டுப் பார்த்தார். பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சாகேத்தில் இருக்கும் மாவட்ட நீதிமன்றத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து வண்டியைத் திருப்பிவிட்டான்.